காட்டு ஓரத்தில் நின்று உடை மாற்றும் அமெரிக்கர்கள்... வேட்டை உடையைப் பெட்டியில் பூட்டி வைப்பது ஏன்?

நவம்பர் மாதம். அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கிராமத்துச் சாலை. தண்ணீர் உறையும் குளிர். காட்டு ஓரத்தில் ஒரு கார் வந்து நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் நபர், வீட்டில் போடும் சாதாரண டி-ஷர்ட், பேன்ட்டில் இருக்கிறார். டிக்கியைத் திறக்கிறார். உள்ளே இறுக்கமாக மூடிய ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதைத் திறந்து, நடுங்கிக்கொண்டே அங்கேயே உடை மாற்றுகிறார்.

வீட்டிலேயே கதகதப்பாக உடுத்திக்கொண்டு கிளம்பியிருக்கலாமே? ஏன் இந்தப் பாடு?

பதில் ரொம்ப சிம்பிள். அவர் வழியில் காபி வாங்கியிருப்பார். பெட்ரோல் போட்டிருப்பார். வீட்டில் நாய் மேலே ஏறி விளையாடியிருக்கும். அந்த வாடை எதுவும் வேட்டை உடையில் ஒட்டக் கூடாது. ஏனென்றால், காட்டுக்குள் அவருக்காகக் காத்திருப்பது ஒரு மூக்கு. வெள்ளைவால் மானின் மூக்கு!

அமெரிக்காவில் மான் வேட்டை சீசன் வந்தாலே, "உடையை எப்படித் துவைப்பது, எதில் வைப்பது, எங்கே வைப்பது" என்பது பெரிய விவாதமாகிவிடும். இதற்கென்றே தனி சோப்பு, தனி ஸ்பிரே, தனிப் பை, தனிப் பெட்டி என ஒரு சந்தையே இருக்கிறது. இதில் எது அறிவியல், எது வியாபாரம்? பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம்... அங்கே வேட்டை சட்டப்படி சரியா?

நமக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானை வேட்டையாடினால் ஜெயில்தான். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே லைசென்ஸ் வாங்கி, குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் மான் வேட்டையாடலாம். விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகப் போடுகிறது.

1900-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கியிருந்தன. வரைமுறையில்லாமல் சுட்டு, இறைச்சியையும் தோலையும் விற்றதன் விளைவு அது. பிறகு வந்த கட்டுப்பாடுகளால் எண்ணிக்கை மீண்டது. இன்றைய மதிப்பீடு சுமார் 3 கோடி. ஓநாய், மலைச் சிங்கம் போன்ற வேட்டை விலங்குகள் பல பகுதிகளில் இல்லாமல் போனதால், இப்போது மான்கள் அதிகமாகிவிட்டதுதான் பல ஊர்களில் பிரச்னை. தோட்டத்தை மேய்கின்றன. இளங்கன்றுகளைத் தின்று காட்டை வளரவிடுவதில்லை. சாலையில் குறுக்கே பாய்ந்து விபத்துகளுக்குக் காரணமாகின்றன.

அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்கு சேவைத் துறையின் 2022 கணக்கெடுப்பின்படி, 16 வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர்கள் அங்கே சுமார் 1.44 கோடி பேர். துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு மீதான தனி வரி, 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. அதாவது வேட்டைக்காரர்கள் கட்டும் வரியில்தான் காடும் பராமரிக்கப்படுகிறது. இது சரியா தவறா என்பது தனி விவாதம். நாம் உடைப் பெட்டிக்குத் திரும்புவோம்.

மான் மூக்கில் அப்படி என்ன இருக்கு?

நாம் உலகத்தைப் பெரும்பாலும் கண்ணால் பார்க்கிறோம். மானுக்கு மூக்குதான் கண். நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சில பத்து லட்சங்கள்தான் என்றால், மானுக்கு அது பல கோடிகளில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நீளமான மூக்கு, உள்ளே மடிப்பு மடிப்பான சவ்வு, எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்கு நுனி என எல்லாமே மோப்பத்துக்காகவே அமைந்தவை. காற்றில் மிதந்து வரும் வாசனை மூலக்கூறுகள் அந்த ஈரத்தில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மான் அடிக்கடி மூக்கை நக்கிக்கொள்கிறது.

மான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் வாசனையால்தான். பின்னங்கால் முட்டியின் உள்பக்கம், குளம்புகளுக்கு நடுவில், நெற்றியில் என உடல் முழுக்க வாசனைச் சுரப்பிகள் உண்டு. ஒரு மான் நடந்து போன தடத்தை வைத்தே, போனது யார் என்ற சேதியை அடுத்த மான் படித்துவிடும்.

காற்று சாதகமாக இருந்தால், சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் மனிதனையே மான் மோப்பம் பிடித்துவிடும். சந்தேகம் வந்ததும் முன்னங்காலால் தரையைத் தட்டும். பிறகு 'புஸ்' என்று மூச்சை ஊதி எச்சரிக்கை கொடுக்கும். வெள்ளை வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு ஓட்டம் எடுக்கும். அத்தோடு அன்றைய வேட்டை முடிந்தது. அந்தச் சத்தம் கேட்ட மற்ற மான்களும் உஷாராகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் வாழும் மான்களுக்கு மனித வாடை புதிதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கே வந்து செடியைத் தின்றுவிட்டுப் போகும். மனித வாடை வரக் கூடாத இடத்தில் வந்தால்தான் அவை மிரள்கின்றன. நடுக்காட்டில், தினமும் நடக்கும் பாதையில், திடீரென்று சலவை சோப்பு வாசனை வந்தால் சந்தேகம் வராதா என்ன?

நம்மிடமிருந்து என்ன வாடை வருகிறது?

வியர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாது. நாற்றத்தைக் கிளப்புவது பாக்டீரியாக்கள். அக்குள் போன்ற இடங்களில் சுரக்கும் பிசுபிசுப்பான வியர்வையை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது, கொழுப்பு அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் வெளியாகின்றன. அதுதான் நமக்குத் தெரிந்த அந்த நாற்றம்.

இதோடு, தோலிலிருந்து உதிரும் செல்கள். ஒரு நிமிடத்துக்குப் பல ஆயிரம் செல்கள் உதிர்கின்றன. மூச்சுக்காற்று. தலைமுடியின் எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றுக்கு மேல் ஷாம்பூ, டியோடரன்ட், சமையலறைத் தாளிப்பு, பெட்ரோல், சிகரெட் என நாள் முழுக்கச் சேரும் வெளி வாடைகள்.

இது எல்லாமே கடைசியில் போய்த் தங்கும் இடம், துணி.

அதிலும் துணிக்குத் துணி வித்தியாசம் உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சுவாரசியமான ஆய்வை வெளியிட்டார்கள். 26 பேரைத் தீவிர சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்கள் போட்டிருந்த டி-ஷர்ட்களை ஒரு நாளுக்கு மேல் அப்படியே வைத்திருந்து, பிறகு முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிட பாலியஸ்டர் துணி அதிக நாற்றம் அடித்தது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை பாலியஸ்டரில் நன்றாக வளர்வதும் தெரியவந்தது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது. ஆனால், எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்தாலும் முழுசாகப் போகாது.

அதனால்தான் பல வேட்டைக்காரர்கள் உடம்போடு ஒட்டும் உள்ளாடைக்குக் கம்பளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பளி வாடையை இழைக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் வெளியே விடும். நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும் என்பது கூடுதல் பிளஸ். பருத்தி நனைந்தால் காய நேரமாகும் என்பதால், கடுங்குளிரில் அதைத் தவிர்க்கிறார்கள்.

துவைப்பதிலேயே இத்தனை விதிகளா?

ஆமாம். பெட்டியில் வைப்பதற்கு முன்பே பாதி வேலை வாஷிங் மெஷினில் நடக்கிறது.

முதல் விதி: மெஷினையே துவைக்க வேண்டும்! தினமும் வாசனை சோப்பும் சாஃப்ட்னரும் போட்டுத் துவைக்கும் மெஷினின் உள்பக்கம் அந்த வாசனை படிந்திருக்கும். அதனால் முதலில் துணி எதுவும் போடாமல், சுடுநீரில் ஒரு முறை ஓடவிடுகிறார்கள்.

இரண்டாவது: வாசனை இல்லாத சோப்பு. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. வாசனைக்காக மட்டும் இல்லை, அது இழையின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, பிசுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பலர் கையில் எடுப்பது ஆப்ப சோடா. வியர்வை நாற்றத்தில் பெரும் பங்கு அமிலத் தன்மை கொண்டது, சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் நாற்றம் அடங்கும்.

மூன்றாவது: 'வெள்ளையோ வெள்ளை' சோப்பு வேண்டாம். இது மூக்கு விஷயம் இல்லை, கண் விஷயம். துணியைப் பளிச்சென்று காட்ட, பல சோப்புத்தூள்களில் ஆப்டிக்கல் பிரைட்னர் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாக மாற்றித் தரும். மனிதக் கண்ணில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஒரு வடிகட்டி உண்டு, மானுக்கு அது இல்லை. நீல நிறத்தையும் மான் நன்றாகவே பார்க்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அதாவது, இலை தழை டிசைன் போட்ட உடையைத் தப்பான சோப்பில் துவைத்தால், விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அது மான் கண்ணுக்குத் தனியாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மனிதக் கண்ணை உறுத்தும் அந்தப் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட் மானுக்குப் பெரிதாகத் தெரியாது. சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை மான் கண் பிரித்துப் பார்க்காது. சக வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, துப்பாக்கி சீசனில் ஆரஞ்சு உடையைப் பல மாநிலங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன.

நான்காவது: கொடியில் காயப்போடுவது. டிரையரில் போட்டால், அதில் முன்பு போட்ட வாசனைத் தாள்களின் மணம் ஒட்டிக்கொள்ளும். வெயிலும் காற்றும் இலவசம். நம் வீட்டு மொட்டைமாடி டெக்னிக்தான்!

பெட்டிக்குள் எப்படி வைக்கிறார்கள்?

இப்போது மெயின் மேட்டருக்கு வருவோம். துவைத்த துணி வீட்டு அலமாரிக்குள் போனால், இரண்டே நாளில் வீட்டு வாடை அடித்துவிடும். அதனால் காற்றுப்புகாத பெட்டி. மூடி விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தால் உத்தமம். கிளிப் போட்டு இறுக்கும் பிளாஸ்டிக் பெட்டி, ஜிப் வைத்த தடிமனான பை, படகுச் சவாரிக்குப் பயன்படுத்தும் சுருட்டி மூடும் பை... இதில் எதுவானாலும் சரி. பின்பற்ற வேண்டியவை இவைதான்:

* முழுசாகக் காய வேண்டும். இதுதான் நம்பர் ஒன் விதி. தையல் மடிப்பு, பாக்கெட் ஓரம், இடுப்பு எலாஸ்டிக் ஆகியவற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும், மூடிய பெட்டிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை வாடை வந்துவிட்டால், அதுவரை செய்த எல்லாம் வீண்.

* புதுப் பெட்டியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. புது பிளாஸ்டிக்கின் வாடையே துணியில் ஏறும். கழுவி, திறந்தபடி சில நாள்கள் வெயிலில் வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

* குப்பைப் பையில் கட்டி வைப்பதில் ஒரு சிக்கல். செலவில்லாத வழிதான். ஆனால், பல குப்பைப் பைகளில் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருப்பார்கள். வாசனை இல்லாததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

* அந்துருண்டைக்கு நோ. கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்க நாம் போடும் அந்துருண்டை, மான் மூக்குக்கு அபாயச் சங்கு மாதிரி. துவைத்து, காய்ந்து, இறுக மூடிய பெட்டிக்குள் பூச்சி புகுவதே கஷ்டம் என்பதால் அது தேவையும் இல்லை.

* பூட்ஸுக்குத் தனிப் பெட்டி. பாத வியர்வை, சேறு, ரப்பர் எல்லாம் சேர்ந்த வாடை துணிக்கு ஏறக் கூடாது. உள்ளாடைக்கு ஒன்று, மேலுடைக்கு ஒன்று எனப் பிரித்து வைப்பவர்களும் உண்டு.

* பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். சமையலறைப் பக்கமும் கூடாது, பெட்ரோல் கேனும் புல் வெட்டும் மெஷினும் இருக்கும் கார் ஷெட்டும் கூடாது. பெட்டியைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம் போதும், சுற்றியுள்ள வாடை உள்ளே போக.

* சீசன் முடிந்த பிறகு திணித்து வைக்கக் கூடாது. இறகு அடைத்த ஜாக்கெட்டை மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் அதன் உப்பல் போய்விடும். உப்பல் போனால் குளிரும் தாங்காது.

சிலர் பெட்டிக்குள் பைன் மரக் கிளை, ஓக் இலை, ஒரு பிடி மண் என்று போட்டு வைப்பார்கள். துணியில் காட்டு வாசனை ஏறட்டும் என்பது எண்ணம். இதில் ஒரு லாஜிக் இடிக்கிறது. பைன் மரமே இல்லாத காட்டுக்குள் பைன் வாசனையோடு போய் நின்றால், அதுவே வித்தியாசமாகத் தெரியாதா? தவிர, வாசனை சேர்ப்பதால் மனித வாடை அழிந்துவிடாது. பிரியாணிக் கடையில் ஊதுபத்தி கொளுத்தினால் நமக்கு இரண்டும் கலந்த மணமாகத் தெரியலாம். மோப்ப விலங்குகளின் மூக்கோ அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அறியக்கூடியது.

அதோடு, காட்டு இலையோடு உண்ணியும் பெட்டிக்குள் வந்துவிடலாம். அமெரிக்காவில் லைம் நோயைப் பரப்புவது, மான்மீது வாழும் ஒரு வகை உண்ணிதான். இங்கே வேட்டைக்காரர் ஒரு சங்கடத்தில் மாட்டுகிறார். டிரையர் வேண்டாம் என்பது வாடைக் கணக்கு. ஆனால், காட்டிலிருந்து வந்ததும் காய்ந்த உடைகளை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிட்டால் உண்ணிகள் செத்துவிடும் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது. மான் தப்பினால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். லைம் நோய் வந்தால் மாதக்கணக்கில் அவஸ்தை. முதலில் டிரையர், பிறகு துவைத்துக் கொடி என்று இரண்டையும் சேர்த்துச் செய்வதே பாதுகாப்பு.

கார்பன் உடை, ஓசோன் பெட்டி... இதெல்லாம் வேலை செய்யுமா?

இங்கேதான் பர்ஸ் காலியாகிறது.

தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிக்குள் வைத்துத் தைத்த உடைகள் 1990-களிலிருந்தே பிரபலம். கார்பனில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். ஒரே ஒரு கிராம் கார்பனின் மொத்தப் பரப்பு, ஒரு கூடைப்பந்து மைதானத்தைவிடப் பெரிது. வாடை மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். இது உண்மையான அறிவியல்தான்.

பிரச்னை, துளைகள் நிரம்பிய பிறகு. தொழிற்சாலைகளில் கார்பனைப் புதுப்பிக்கப் பல நூறு டிகிரி வெப்பம் கொடுப்பார்கள். வீட்டு டிரையரில் அந்தச் சூடு வந்தால் துணியே மிஞ்சாது. டிரையர் சூட்டில் சில மூலக்கூறுகள் வெளியேறலாம். ஆனால், புதுசு மாதிரி ஆகாது. இந்த வகை உடையைத் திறந்து போட்டு வைத்தால், வீட்டுக் காற்றில் உள்ள வாடையையே உறிஞ்சித் தீர்த்துவிடும். எனவே, மற்ற உடைகளைவிட இதற்குத்தான் மூடிய பெட்டி ரொம்ப அவசியம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் வனவிலங்கு ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஒருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு வாடை உறிஞ்சும் உடையையும், சிலருக்குச் சாதாரண உடையையும் போட்டு ஒளிந்துகொள்ளச் சொன்னார். பயிற்சி பெற்ற தேடல் நாய்களை அனுப்பினார். எந்த உடையில் இருந்தாலும், கிட்டத்தட்ட எல்லோரையும் நாய்கள் கண்டுபிடித்துவிட்டன. கண்டுபிடிக்க ஆன நேரத்தை மாற்றியவை, காற்று போன்ற சூழல் காரணிகள். நாய் வேறு, மான் வேறுதான். ஆனாலும், 'வாடையே வராது' என்ற நம்பிக்கைக்கு அது ஒரு அடி.

விஷயம் கோர்ட்டுக்கும் போனது. 'வாடையை ஒழிக்கும்' என்ற விளம்பரம் ஏமாற்று வேலை என்று மின்னசோட்டா மாநில வேட்டைக்காரர்கள் சிலர் 2007-ல் வழக்குப் போட்டார்கள். 2010-ல் கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கார்பன் ஓரளவு வாடையை உறிஞ்சும் என்பதில் பெரிய சண்டை இல்லை. 'குறைக்கும்' என்பதற்கும் 'ஒழிக்கும்' என்பதற்கும் இடையிலான தூரம்தான் சண்டையே. விளம்பரம் பார்த்து எதையும் வாங்கும்முன் நாமும் கவனிக்க வேண்டிய தூரம் அது.

அடுத்தது ஓசோன். உடைப் பெட்டிக்குள்ளோ பைக்குள்ளோ ஓசோன் வாயுவை உண்டாக்கும் கருவிகள் விற்பனைக்கு இருக்கின்றன. ஓசோன் வாடை மூலக்கூறுகளோடு வினைபுரிந்து அவற்றை உடைக்கும், உண்மை. ஆனால், அது துணி எது, எலாஸ்டிக் எது என்று பார்க்காது. ரப்பரை வெடிக்கவைக்கும். நுரையீரலையும் எரிச்சலூட்டும். எட்டு மணி நேர வேலையில் ஓசோன் அளவு 10 லட்சத்தில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. எனவே, காற்றோட்டம் இல்லாத அறையிலோ, காருக்குள்ளோ இதை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

வீட்டில் தயாரிக்கும் ஸ்பிரேயிலும் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆப்ப சோடா, தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து உடையில் தெளிப்பது அங்கே பிரபலமான கைவைத்தியம். கலவை மெதுவாக ஆக்ஸிஜனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பாட்டிலில் இறுக்கி மூடினால், அழுத்தம் ஏறி வெடித்துவிடலாம்.

அப்போ எதுதான் வேலை செய்யும்?

காற்று. அவ்வளவுதான்.

மான் வரும் திசையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசினால், உங்கள் வாடை மானுக்குப் போகாது. திசை மாறினால், எவ்வளவு துவைத்திருந்தாலும் மூச்சுக்காற்றே காட்டிக்கொடுத்துவிடும். மூச்சை எந்தப் பெட்டியிலும் பூட்ட முடியாது இல்லையா? அதனால் அனுபவசாலிகள் பாக்கெட்டில் ஒரு சிட்டிகை பவுடர் வைத்திருப்பார்கள். அதைக் காற்றில் தூவி திசை பார்ப்பார்கள். எருக்கங்காயிலிருந்து பஞ்சு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். எருக்கின் உறவுக்காரச் செடி ஒன்று அமெரிக்காவிலும் உண்டு. அந்தப் பஞ்சைப் பறக்கவிட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மலைச்சரிவில் கணக்கு இன்னும் நுணுக்கம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, காற்று மேல்நோக்கி எழும். மாலையில் குளிர்ந்த காற்று கனமாகி, பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தப்பான இடமாகிவிடும்.

அப்படியென்றால் பெட்டி, சோப்பு எல்லாம் வேஸ்ட்டா? முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. வாடை குறைவாக இருந்தால், மான் கண்டுகொள்ளும் தூரமும் குறையலாம், காற்று ஒரு நொடி சுழன்றடித்தாலும் தப்பிக்க வாய்ப்பு கிடைக்கலாம். காற்றைப் பார்த்து நிற்பது முதல் பாடம், பெட்டி இரண்டாவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

ஒரு நொடி மிரண்டால் என்ன ஆகும்?

மான் ஓடிவிடும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். இதில் மானின் வலியும் இருக்கிறது.

வில் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் 20, 30 மீட்டர் தூரத்தில் நின்றுதான் அம்பு விடுகிறார்கள். ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அம்பு ரொம்ப மெதுவானது. ஏற்கெனவே மோப்பம் பிடித்து விறைத்து நிற்கும் மான், நாண் அதிரும் சத்தம் கேட்டதும் ஓடுவதற்காக உடலைச் சட்டென்று தாழ்த்தும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வைத்த குறி, முதுகிலோ வயிற்றிலோ போய்ப் பாயும். காயத்தோடு ஓடும் மான் பல மணி நேரம் துடித்துச் சாகலாம், கடைசிவரை கிடைக்காமலும் போகலாம். நிதானமாக நிற்கும் மான் என்றால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அங்கே பொறுப்பான வேட்டைக்காரர்கள், மான் உஷாராகிவிட்டால் வில்லைத் தாழ்த்திவிட வேண்டும் என்று சொல்லித்தருவது இதனால்தான்.

வாடை விளையாட்டு இன்னொரு ஆபத்தையும் கொண்டுவந்திருக்கிறது. தன் வாடையை மறைக்கவும், ஆண் மானை ஈர்க்கவும், மான் சிறுநீரைப் பாட்டிலில் வாங்கித் தெளிப்பது நெடுநாள் வழக்கம். அந்தச் சிறுநீர் வருவது மான் பண்ணைகளிலிருந்து. 1967-ல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட ஒரு நோய், இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மூளையைச் சிதைத்து, உடலை மெலியவைத்துக் கொல்லும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. காரணம் கிருமி அல்ல, உருக்குலைந்த ஒரு வகைப் புரதம். அது நோயுற்ற மானின் எச்சில், சிறுநீர், சாணம் வழியே வெளியேறி, மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். அதனால், இயற்கைச் சிறுநீர் பாட்டில்களுக்குச் சில மாநிலங்கள் தடையே போட்டுவிட்டன. பழைய பாட்டில் சிந்திய உடையை அதே பெட்டியில் வைத்து, வேறு மாநிலக் காட்டுக்குக் கொண்டுபோவதும் நல்லதில்லை.

சரி, இதில் நமக்கு என்ன இருக்கு?

நாம் வேட்டைக்குப் போகப்போவதில்லை. ஆனால், ஜிம்முக்குப் போகிறோம். துவைத்து மடித்து வைத்த ஜிம் டி-ஷர்ட், போட்டு 10 நிமிடம் வியர்த்ததும் பழைய நாற்றத்தைக் கிளப்புகிறதா? மேலே படித்த பாலியஸ்டர் கதைதான் அது.

வியர்த்த துணியைப் பைக்குள் சுருட்டி வைக்காமல் உடனே விரித்துப் போடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். சாஃப்ட்னரைத் தவிருங்கள். கடைசி அலசலுக்கு முன் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த துணியை பீரோவுக்குள் தள்ளாதீர்கள். ஊட்டிக்குப் போய்வந்த ஸ்வெட்டரை அடுத்த டிசம்பர் வரை வைக்க, நன்றாகக் காயவைத்து, மூடி இறுகும் ஒரு டப்பா போதும்.

விஸ்கான்சின் காட்டு ஓரத்தில் நடுங்கிக்கொண்டே உடை மாற்றிய அந்த நபர், இப்போது பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். உள்ளே நடப்பதற்கு முன், பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை பவுடரை எடுத்துத் தூவுகிறார். அது காட்டுக்குள் பறந்தால், இத்தனை நாள் துவைத்ததும் பூட்டியதும் அவருக்குப் பெரிதாக உதவாது. அவர் முகத்தை நோக்கித் திரும்பி வந்தால், இன்றைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது!